ஜாக்கியின் இடுப்பில் ஓர் எலி

"அசையாதீங்க! எலி உங்க காலடியிலதான் இருக்கு!"

ஜாக்கி சிலையாக நின்றான். எதிரே அவன் மனைவி துடைப்பத்தை ஓங்கிக்கொண்டு நின்றாள். அடி விழுந்தால் எலிக்கு விழாது, முழங்காலுக்குத்தான் விழும் என்பது அவனுக்குத் தெரிந்தது. பயத்தில் லேசாகக் குனிந்தான்.

கீச்.

"கேட்டுச்சா? மறுபடியும் கத்துது!"

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"காலைல சமையலறையில கத்துச்சு. நீங்க கூடத்துக்கு வந்தீங்க, அதுவும் வந்துச்சு. நீங்க குளிக்கப் போனீங்க, அங்கயும் போச்சு. உங்க பின்னாலயே சுத்துது."

"பாசமான எலியா இருக்கும்."

"உங்க மேலயா? எலிக்கு அவ்வளவு கெட்ட காலமா?"

வீட்டில் எலியே இல்லை. அது ஜாக்கிக்குத் தெரியும். கத்தியது அவன் இடுப்பு. சட்டைக்குள்ளே, பழைய டயர் ட்யூபை நீளமாக வெட்டி, மூச்சு முட்ட இறுக்கிக் கட்டியிருந்தான். குனிந்தால் கீச். உட்கார்ந்தால் கீச். சாப்பிட்டு முடித்து ஏப்பம் விட்டால் இரண்டு கீச்.

"பீரோவுக்கு அடியில பூந்திருக்கும். கொஞ்சம் நகர்த்துங்க" என்றாள்.

"பீரோவையா? பாவம், அது பாட்டுக்கு நிக்குது."

"பீரோவுக்குப் பாவம் பாக்குறீங்களா?"

"தரையில கீறல் விழும்."

"குடி வந்தப்ப இதே பீரோவைத் துணிமணியோட தூக்கிட்டு மாடி ஏறினீங்களே?"

"அப்ப பீரோவுக்கு வயசு கம்மி."

அவள் துடைப்பத்தைக் கீழே இறக்கினாள். அவனை ஒரு பார்வை பார்த்தாள். "சரி" என்றாள்.

அவள் 'சரி' என்று ஒரே சொல்லில் முடித்தால் பயப்பட வேண்டும். ஜாக்கி பயப்படவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தான். முட்டாள்.

அவன் யாரென்று சொல்லிவிடுகிறேன். பெரிய சாலை திரும்புகிற இடத்தில் டயர் கடை வைத்திருப்பவன். ஒருமுறை, வண்டியைத் தூக்கி நிறுத்துகிற ஜாக்கியைக் காணோம் என்று தேடிக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு சின்ன காரின் பின்பக்கத்தைக் கையாலேயே தூக்கிப் பிடித்து, சக்கரத்தை மாட்டச் சொன்னான். அன்றைக்கு அவன் பெயர் போயிற்று. ஜாக்கி வந்தது. லாரிக்காரர்கள் அவன் சக்கரம் தூக்குவதைப் பார்ப்பதற்கென்றே டீ வாங்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். அவனும் கூட்டம் இருந்தால் ஒரு சக்கரம் கூடுதலாகத் தூக்குவான்.

அப்படிக் கூடுதலாகத் தூக்கிய ஒரு சக்கரத்தில்தான் வினை. அடிவயிற்றில் இடது பக்கம், தொடை சேருகிற இடத்தில் 'சுருக்' என்றது. கைதட்டல் சத்தத்தில் அதைக் கவனிக்கவில்லை. சாயங்காலம் குளிக்கும்போது பார்த்தால் அங்கே ஓர் எலுமிச்சம்பழம். அழுத்தினான், உள்ளே போய்விட்டது. நிமிர்ந்தான், வந்துவிட்டது. இருமினான், குதித்து வந்தது. படுத்தான், ஆளையே காணோம்.

இதை மனைவியிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போவாள். அங்கே ஊசி இருக்கும். நாள் முழுக்க டயரில் ஆணி பிடுங்குகிறவன், ஊசியைக் கண்டால் மயங்கி விழுவான். அவன் மனைவியோ பள்ளிச் சீருடை தைக்கிற டெய்லர். அவள் ஊசியில் நூல் கோர்க்கும்போதுகூட ஜாக்கி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவர்கள் குடும்பம் நடத்துவதே இப்படித்தான்.

அதனால் கீழ்வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னான். அவருக்குத் தெருவில் ரகசியம் என்று பெயர். வீடு வீடாக பார்சல் கொடுக்கிற வேலை. பார்சலோடு சேர்த்து ஒவ்வொரு வீட்டுச் சேதியையும் அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டு, "ரகசியமா வச்சுக்கங்க" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார்.

"தம்பி, இது குடலிறக்கம்" என்றார் ரகசியம்.

"அப்படின்னா?"

"குடல் இறங்கி வெளிய எட்டிப் பாக்குது."

"எதுக்கு?"

"உள்ளேயே இருந்து போரடிச்சிருக்கும்."

"என்னண்ணே பண்றது?"

"ஆஸ்பத்திரிக்குப் போனா வெட்டுவாங்க. இறக்கம்னு ஒண்ணு இருந்தா ஏத்தம்னு ஒண்ணு இருக்கணுமில்ல? தலைகீழா நில்லு. தானா ஏறிடும்."

ஜாக்கிக்கு இது ரொம்ப நியாயமாகப் பட்டது. அன்றைக்கே சுவரோரம் கையை ஊன்றி, காலை மேலே வீசி நின்றான். பழம் காணாமல் போயிற்று. ரகசியம் ஒரு மேதை என்று நினைத்த நேரத்தில் கதவு திறந்தது.

"என்ன பண்றீங்க?" என்றாள் மனைவி.

"உலகத்தை வேற கோணத்துல பாக்குறேன்."

"அப்படியே கட்டிலுக்கு அடியில என் நீல நூல்கண்டு கிடக்குதான்னு பாருங்க."

கிடந்தது. எடுத்துக் கொடுத்தான். காலைக் கீழே போட்டு நிமிர்ந்ததும் பழமும் திரும்பி வந்துவிட்டது. இரக்கமே இல்லாத இறக்கம்.

அதற்கப்புறம்தான் ட்யூப் பட்டை. அதுவும் ரகசியத்தின் யோசனைதான். "மேல இறுக்கிக் கட்டு தம்பி, எப்படி வரும்னு பாத்துருவோம்." கட்டினான். பட்டைக்கும் பழத்துக்கும் பேன்ட்டில் இடம் போதவில்லை. மனைவியிடம் கொண்டுபோய் நீட்டினான்.

"கொஞ்சம் லூஸ் பண்ணிக் குடு."

"எவ்வளவு?"

"இடது பக்கம் மட்டும்."

"வலது பக்கம்?"

"அது சரியா இருக்கு."

எத்தனையோ வருஷமாக அளவெடுக்கிறவளிடம், ஒரு பக்கம் மட்டும் குண்டாகிவிட்டேன் என்று சொல்கிறான். அவள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். அப்போதும் "சரி" என்றுதான் சொன்னாள்.

இதெல்லாம் எலி வேட்டைக்கு முன்பு நடந்தது. வேட்டை முடிந்த அன்று சாயங்காலம் எலிப்பொறி ஒன்று வாங்கி வந்து, கட்டிலுக்குக் கீழே ஜாக்கி படுக்கிற பக்கத்தில் வைத்தாள். ஜாக்கி கொட்டாவி விடுவதுபோல வாயை மூடிக்கொண்டு சிரித்தான். இல்லாத எலிக்குப் பொறியாம்!

மறுநாள் கடையில் மூன்று லாரிகள் நின்றன. டிரைவர்கள் டீயோடு உட்கார்ந்திருந்தார்கள். "என்ன ஜாக்கி, இன்னிக்கு ஒண்ணுமே தூக்கலையே?" என்றார் ஒருவர். "மூட் இல்லைண்ணே" என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தான்.

அப்போது மனைவி ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வேர்த்து ஒழுகியது.

"என்னாச்சு?"

"பின் டயர்ல என்னமோ புடைச்சுக்கிட்டு நிக்குதுங்க. எனக்கு இதெல்லாம் என்ன தெரியும், நீங்கதான் பாக்கணும்."

டிரைவர்கள் முன்னால் மனைவி இப்படிக் கேட்டது ஜாக்கிக்குப் பெருமையாக இருந்தது. உட்கார்ந்து பார்த்தான். கீச் என்றதை இருமி மறைத்தான். டயரின் பக்கவாட்டில் ஒரு கிழிசல். அதன் வழியே ட்யூப் கொழுக்கட்டை மாதிரி வெளியே பிதுங்கியிருந்தது.

"டயர் கிழிஞ்சிருக்கு. உள்ள இருக்கிற ட்யூப் அந்த வழியா வெளிய வருது. எதுல கிழிஞ்சுது? இவ்வளவு நேரா இருக்கு, அளவுகோல் வச்ச மாதிரி."

"தெரியலைங்க. ஆனா பாருங்க, காத்தை இறக்கினா உள்ள போயிடுது."

"போகத்தான் செய்யும். மறுபடி அடிச்சா வெளிய வரும்."

"அப்ப மேல ஒரு கயிறு வச்சு இறுக்கிக் கட்டிட்டா?"

"கயிறா!" ஜாக்கிக்குக் கோபம் வந்துவிட்டது. தொழில் கோபம். "அறிவிருக்கிறவங்க பேசுற பேச்சா இது? ஓட்டை டயர்ல இருக்கு. மேல கட்டினா ஓட்டை மூடுமா? கட்டுக்கு அடியில அது பாட்டுக்குப் பெருசாகிட்டே இருக்கும்!"

"கரெக்ட்" என்றார் ஒரு டிரைவர்.

"வண்டியைத் தலைகீழா நிறுத்தி வச்சா?"

டிரைவர்கள் சிரித்தார்கள். ஜாக்கி தலையில் அடித்துக்கொண்டான். "என்ன மடத்தனம்! எவன் சொன்னான் உனக்கு இதெல்லாம்?"

"சும்மா ஒரு யோசனைதான். அப்படியே விட்டுட்டு மெதுவா ஓட்டினா?"

"ஓட்டு. கொஞ்ச நாள் ஓடும். வலியும் இருக்காது, சத்தமும் இருக்காது. ஒருநாள் அந்தக் கிழிசல்ல ட்யூப் மாட்டிக்கும். உள்ளயும் போகாது, வெளியவும் வராது. நசுங்கி, நடு ரோட்டுல, ஆளில்லாத இடமாப் பாத்து வெடிக்கும். உயிருக்கே ஆபத்து!"

"அப்ப என்னதான் பண்றது?"

"உள்பக்கமா ஒரு துண்டு வச்சு, கிழிசலை அடைச்சுத் தைக்கணும். வேற வழியே கிடையாது."

"எப்ப?"

"இப்பவே! இந்த வண்டி இங்கேருந்து ஓர் அடி நகரக்கூடாது. கடை மேல சத்தியம். இதைச் சரி பண்ணாம விடுறவன் முட்டாள்!"

"அண்ணன்மார் எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா?" என்றாள் மனைவி.

"கேட்டோம்மா" என்றார்கள் டிரைவர்கள்.

அவள் இரண்டடி முன்னால் வந்தாள். ஜாக்கியின் சட்டையைத் தூக்கினாள். இடுப்பிலிருந்த ட்யூப் பட்டையை இரண்டு விரலால் பிடித்து இழுத்து விட்டாள்.

பட்!

ஒரு டிரைவர் டீயைக் கீழே வைத்தார்.

"கார் கூப்பிட்டிருக்கேன்" என்றாள். "ஏறுங்க."

"நான் வந்து… டயரைப் பத்தித்தான்…"

"நானும் டயரைப் பத்தித்தான் பேசுறேன். கடை மேல சத்தியம் பண்ணியிருக்கீங்க."

மூத்த டிரைவர் எழுந்து வந்து அவன் தோளைத் தட்டினார். "போ ஜாக்கி. நானும் பண்ணிக்கிட்டவன்தான். அப்புறமும் லாரிதான் ஓட்டுறேன்." பக்கத்தில் இருந்தவர் மெதுவாகக் கையைத் தூக்கினார். "நானும்." இத்தனை நாள் டீ குடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்த கூட்டத்தில் பாதிப்பேர் தைத்து வந்தவர்கள். இதற்காகவா தலைகீழாக நின்றோம் என்று ஜாக்கிக்கு அழுகையே வந்தது.

காரில் மனைவி அதிகம் பேசவில்லை.

"கடையில தனியா இருக்கும்போது மாட்டிக்கிட்டிருந்தா?" என்று மட்டும் கேட்டாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜாக்கி சீட்டில் நெளிந்தான். பதிலுக்குப் பட்டைதான் கீச் என்றது.

டாக்டர் நடுத்தர வயதுப் பெண். சுருக்கமாகப் பேசினார்.

"நில்லுங்க. இருமுங்க. இன்னொரு தடவை. படுங்க. ம், குடலிறக்கம்தான். வயித்துச் சுவர்ல தசை ஓர் இடத்துல பலவீனமாகி…"

"டயர் கிழிஞ்சிருக்கு" என்றான் ஜாக்கி சோகமாக.

"ஆமா, அப்படியும் சொல்லலாம். நல்லா சொல்றீங்களே."

"இன்னிக்கு முழுக்க அதைத்தான் சொல்லிக்கிட்டிருக்கார் டாக்டர்" என்றாள் மனைவி.

"மாத்திரை ஏதாவது…"

"கிழிசலுக்கு மாத்திரையா? தானா மூடாது. இப்போதைக்கு உள்ள போய் வருது, அதனால பதற வேண்டியதில்லை. தேதி வச்சு நிதானமா பண்ணலாம். ஆனா அது கெட்டியாகி, உள்ள போகாம நின்னு, வலி தாங்க முடியாம வந்தாலோ, நிறம் மாறினாலோ, வாந்தி எடுத்தாலோ, எந்த நேரமா இருந்தாலும் உடனே ஓடி வந்துரணும். குடலுக்கு ரத்தம் போகாம அழுகிடும்."

ஜாக்கி எழுந்து உட்கார்ந்தான். "வெட்டி… என்ன பண்ணுவீங்க?"

"வெளிய வந்ததை உள்ள தள்ளிட்டு, பலவீனமான இடத்துல ஒரு சின்ன வலை வச்சுப் பொருத்திடுவோம். உங்களுக்குச் சின்னத் துளை போட்டு, கேமரா வச்சே பண்ணலாம்."

மனைவி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். "வலைன்னா நெருக்கமான வலையா டாக்டர்? இழுத்தா கொடுக்குமா? ஓரம் பிரியாதா?"

"நீங்க…?"

"டெய்லர்."

அடுத்த கால் மணி நேரம் இரண்டு பேரும் ஓரம், மடிப்பு, நூல், முடிச்சு என்று பேசிக்கொண்டார்கள். நோயாளியை இருவருமே மறந்துவிட்டார்கள். "டாக்டர், கொஞ்சம் இரக்கம் காட்டுங்க, ஊசியில்லாம…" என்று ஜாக்கி ஆரம்பித்தான். "நீங்க சும்மா இருங்க" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

குறித்த நாளில் கொண்டுபோனார்கள். ஊசியைப் பார்க்கக்கூடாது என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்துத் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "சரி, ஆரம்பிங்க" என்றான்.

"முடிஞ்சு ஒரு மணி நேரம் ஆச்சு" என்றாள் நர்ஸ்.

ஜாக்கி கண்ணைத் திறந்தான். கையை மெதுவாகக் கீழே கொண்டுபோனான். எலுமிச்சம்பழம் இல்லை. வலி கொஞ்சம் இருந்தது, ஆனால் பயம் மொத்தமாகப் போயிருந்தது. எவ்வளவு பெரிய பாரத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறோம் என்று நினைத்தான். லாரிச் சக்கரமெல்லாம் அதற்கு முன்னால் பஞ்சு. பக்கத்து நாற்காலியில் மனைவி கழுத்து சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவனுக்கு நன்றி பொங்கியது. அவளுக்காக எதையும் செய்யலாம் என்று தோன்றியது.

வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னதும் அந்த எண்ணம் வடிந்துவிட்டது. உள்ளதைச் சொல்ல வேண்டுமில்லையா?

மனைவி கார் பிடிக்கக் கீழே போயிருந்தபோது டாக்டர் வந்தார். "படுத்தே கிடக்காதீங்க. கொஞ்சம் கொஞ்சமா நடங்க. காய் நறுக்கலாம், துணி மடிக்கலாம். நான் சொல்ற வரைக்கும் பாரம் மட்டும் தூக்கக்கூடாது. தண்ணி நிறைய குடிங்க, முக்கக்கூடாது. இருமல், தும்மல், சிரிப்பு எது வந்தாலும் ஒரு தலையணையை வயித்தோட அணைச்சுப் பிடிச்சுக்கங்க. புரிஞ்சுதா?"

புரிந்தது. துணி மடிக்கலாம் என்பதுதான் பிடிக்கவில்லை.

"டாக்டர் என்ன சொன்னாங்க?" என்றாள் மனைவி காரில்.

"ரொம்ப கண்டிப்பா சொன்னாங்க. அசையவே கூடாதாம். ஒரு டம்ளரைக்கூடத் தூக்கக்கூடாதாம்."

"ஒரு டம்ளரைக்கூடவா?"

"காலி டம்ளரைக்கூட."

"சரி."

அந்த 'சரி'யைக் கேட்டும் அவனுக்கு உறைக்கவில்லை. உறைக்க வைக்க ஊசி எதுவும் கிடையாது.

முதல் ஒரு மணி நேரம் ராஜ வாழ்க்கை. தலைக்கு ஒரு தலையணை, காலுக்கு ஒரு தலையணை. அவளே சூப்பை ஊதி ஊதி ஊட்டினாள். ஜாக்கி சாவகாசமாகப் போனை எடுத்தான்.

"ஐயோ! தூக்காதீங்க!"

ஒரு கையில் போனையும் மறு கையில் டம்ளரையும் வைத்து எடை பார்த்தாள். "போன்தான் கனம். டாக்டர் பேச்சை மீறலாமா?" போன் அலமாரிக்குப் போயிற்று. டிவி ரிமோட்டும் அப்படியே போயிற்று. போர்வை ஆறு டம்ளர் கனம் இருக்கும் என்று சொல்லி அதையும் எடுத்து மடித்து வைத்தாள்.

சாயங்காலம் ரகசியம் பழத்தோடு வந்தார். "வாங்கண்ணே, அவரால தூக்க முடியாது" என்று சொல்லி, அவள் அதை உரித்து அவருக்கே தட்டில் வைத்தாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே தெருவிலுள்ள எல்லார் வீட்டு ரகசியத்தையும் சொன்னார். இருட்டும் வரை சொன்னார். கையைத் தூக்கி 'போதும், போங்க' என்று காட்டக்கூட ஜாக்கிக்கு அனுமதி இல்லை.

மறுநாள் காலை ஜாக்கி தானாகவே எழுந்து சமையலறைக்கு நடந்து போனான். மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றான்.

"இப்பத்தான் ஞாபகம் வருது. டாக்டர் வேற ஒண்ணும் சொன்னாங்க."

"என்ன, காய் நறுக்கலாம்னா?"

"ஆ… ஆமா."

"துணி மடிக்கலாம்னு?"

"உனக்கெப்படித் தெரியும்? நீதான் கார் பிடிக்கப் போயிட்டியே!"

"அதுக்கு முன்னாடியே டாக்டர் என்கிட்ட எல்லாம் சொல்லியாச்சு. நான்தான் அவங்ககிட்ட கேட்டுக்கிட்டேன். அவர்கிட்ட தனியா ஒருதடவை சொல்லுங்க டாக்டர், வீடு வர்றதுக்குள்ள அதுல எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பாப்போம்னு."

ஜாக்கி கத்தியை வாங்கினான். இரண்டு பீன்ஸ் நறுக்கினான். சட்டென்று நிறுத்தினான்.

"அந்த ஸ்கூட்டர் டயர்… அவ்வளவு நேரா…"

"கத்தி உங்க கடையோடது. வெட்டு மட்டும் என் கை. எனக்குக் கோணலா வெட்ட வராது."

"அப்ப எலி?"

"பேன்ட்டை நீட்டின அன்னிக்கே தெரியும், எந்தப் பக்கத்து எலின்னு. மிச்சத்தை ரகசியம் அண்ணன் ரகசியமாச் சொல்லிட்டார்."

"தெரிஞ்சுக்கிட்டேவா பீரோவை நகர்த்தச் சொன்னே? நான் நகர்த்தியிருந்தா?"

"நீங்க கையை வச்சிருந்தா நானே பீரோ மேல ஏறி உக்காந்திருப்பேன். நகர்த்த மாட்டீங்கன்னு தெரியும். என்ன சாக்கு சொல்வீங்கன்னுதான் தெரியலை. 'அப்ப பீரோவுக்கு வயசு கம்மி'!" என்று அவன் குரலிலேயே சொல்லிக் காட்டினாள்.

"அப்புறம் எலிப்பொறி எதுக்குடி வாங்கினே?"

"எலிதான் இல்லையே. பொறி எங்க வச்சேன்னு யோசிங்க."

ஜாக்கி யோசித்தான். கட்டில். அவன் படுக்கிற பக்கம். தலைகீழாக நின்றது, ட்யூப் பட்டை, கடை மேல் பண்ணிய சத்தியம், ஆறு டம்ளர் போர்வை எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்தன. உதடு துடித்தது. மூக்கு விடைத்தது. எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பி, அடக்க அடக்க மேலே ஏறி வந்தது. அவ்வளவு பெரிய சிரிப்பு அவனுக்குக் கல்யாணத்துக்கப்புறம் வந்ததே இல்லை.

சிரிப்பு வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடிக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். தலையணை இரண்டும் கட்டிலில் கிடந்தன. கைக்கெட்டும் தூரத்தில் மனைவிதான் இருந்தாள்.